அம்மாவோடு இலங்கைப் பயணம்: முழுக்க வேனா, ரயிலும் பஸ்ஸுமா?

சாரல்_கோவை:
எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்டில் குடும்பத்தோடு இலங்கை போகிறோம். நான், மனைவி, எட்டு வயதுப் பையன், அப்புறம் எழுபதைத் தொடும் அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, மெதுவாக நடப்பார், ஆனால் உயரமான படி ஏறுவது சிரமம். சென்னையிலிருந்து விமானத்தில் கொழும்பு, அங்கிருந்து கண்டி, நுவரெலியா, எல்ல, பிறகு திருகோணமலை (அம்மா கோணேஸ்வரம் பார்த்தே ஆகணும் என்கிறார்), கடைசியாக யாழ்ப்பாணம். திரும்பும்போது காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல்.

டிராவல்ஸில் கேட்டால் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை டிரைவரோடு ஒரே வேன், வேறு எதையும் யோசிக்காதீர்கள் என்கிறார்கள். என் மைத்துனர் பஸ்ஸிலும் ரயிலிலும் ஊரைச் சுற்றியவர், வேனில் போனால் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்த மாதிரிதான் இருக்கும் என்கிறார். தேயிலைத் தோட்ட ரயிலில் ஏறாமல் வந்தால் பையன் என்னை விடமாட்டான். எதை எங்கே எடுப்பது என்று அங்கே இருப்பவர்கள், போய் வந்தவர்கள் சொல்லுங்கள். செலவு முக்கியம்தான், ஆனால் அம்மா களைத்துவிடக் கூடாது, அதுதான் முதல்.

மலைநாட்டுக்காரன்:
வாங்க. நான் தலவாக்கலைப் பக்கம். இலங்கைக்குள் பயணம் போடும்போது கிலோமீட்டரைக் கூட்டாதீர்கள், மணியைக் கூட்டுங்கள். கொழும்பிலிருந்து கண்டி 115 கிலோமீட்டர்தான், ஆனால் சாலையில் மூன்று மணி நேரம் ஒதுக்கியே ஆகவேண்டும், பெரஹரா (தலதா மாளிகை ஊர்வலம்) நாட்களில் இன்னும் கூடும். தெற்கே காலி, மாத்தறை, அம்பாந்தோட்டைப் பக்கம் அதிவேகப் பாதை இருக்கிறது, 2011இல் தொடங்கி 2020க்குள் துண்டு துண்டாகத் திறந்தார்கள், அந்தப் பக்கம் பறக்கலாம். கண்டிக்கு அது இன்னும் வந்து சேரவில்லை, மீரிகமவிலிருந்து குருநாகல் வரையான துண்டு மட்டும் 2022 முதல் ஓடுகிறது. கண்டிக்கு மேலே எல்லாமே மலை வளைவுதான், மணிக்கு 25, 30 கிலோமீட்டருக்கு மேல் கணக்குப் போட்டால் இருட்டிய பிறகுதான் போய்ச் சேர்வீர்கள்.

அதனால் கொழும்பு - கண்டி - நானுஓயா வரைக்கும் ரயிலைத்தான் சொல்வேன். வளைவில் அம்மாவுக்கு வயிற்றைப் புரட்டாது, கழிவறை இருக்கிறது, பையனுக்கும் ஆசை தீரும். நுவரெலியாவுக்கு ரயில் நேராகப் போகாது, நானுஓயாவில் இறங்கி ஓட்டோவோ வேனோ பிடிக்கவேண்டும், கொஞ்ச தூரம்தான்.

ஒரு விஷயம் கட்டாயம் சொல்லணும். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மண்சரிந்து மலையக ரயில் பாதை பல இடங்களில் சிதைந்தது. எங்கள் ஊர்களே சிதைந்தன, பாதை எம்மாத்திரம். எந்தத் துண்டில் ரயில் ஓடுகிறது, எந்தத் துண்டில் இல்லை என்பதைப் புறப்படுவதற்கு முந்தைய வாரம் ரயில்வே பக்கத்தில் பார்த்துவிட்டுத்தான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்யுங்கள். பழைய யூடியூப் வீடியோவை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

நெடுவழி_மதுரை:
நான் வேன் கட்சி. அம்மாவோடு போகிறார் என்பதை மறந்துவிட்டுப் பேசக்கூடாது. அங்கே பஸ்ஸின் முதல் படி நம் ஊர் மப்சல் வண்டி மாதிரியே உயரம், கால் வைத்ததும் வண்டி கிளம்பிவிடும், கம்பியைப் பிடிக்கிற நேரம்கூடத் தரமாட்டார்கள். என் பெரியம்மாவை அப்படி ஏற்றிவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆனால் வேன் பேசும்போது விவரமாகப் பேசுங்கள். எங்களுக்கு வண்டி கொடுத்தவர்கள் ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர்தான், அதற்கு மேல் தனிக்காசு என்பதைக் கடைசி நாள்தான் சொன்னார்கள். அதனால் முன்கூட்டியே கேளுங்கள்: நாள் வாடகையில் எத்தனை கிலோமீட்டர் சேரும், டீசல் யாருடையது, டிரைவருக்குச் சாப்பாடும் தங்குமிடமும் யார் பொறுப்பு (பல ஓட்டல்களில் டிரைவர்களுக்கென்று தனி அறை வைத்திருக்கிறார்கள், சின்ன விடுதிகளில் இருக்காது), அதிவேகப் பாதைச் சுங்கம் சேர்ந்ததா. எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, உங்கள் பயணம் யாழ்ப்பாணத்தில் முடிகிறது. கொழும்பு வண்டி எடுத்தால் அது வெறுமையாகக் கொழும்பு திரும்பும் 400 கிலோமீட்டருக்கும் நீங்கள்தான் காசு கொடுப்பீர்கள்.

தமிழ் பேசும் டிரைவர் வேண்டும் என்று கேட்டால் கிடைக்கும், அம்மாவுக்குப் பேச்சுத் துணை.

மலைநாட்டுக்காரன்:
மதுரை அண்ணா சொல்வது பஸ்ஸுக்குப் பொருந்தும், ரயிலுக்கு இல்லை. நான் பஸ்ஸைச் சொல்லவே இல்லையே. சரி, பஸ்ஸையும் முழுக்க ஒதுக்காதீர்கள், இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) சிவப்பு பஸ் 1958இலிருந்து இந்த நாட்டின் கால். ஆனால் முழங்கால் வலியோடு மலைப்பாதையில் மூன்று மணி நேரம் அதில் வேண்டாம்.

சாரல்_கோவை:
நன்றி இரண்டு பேருக்கும். வெறுமையாகத் திரும்பும் செலவை டிராவல்ஸ்காரர் சொல்லவே இல்லை, இப்போது கேட்டேன், "அது பேக்கேஜில் இருக்கும்" என்கிறார். ரயில் டிக்கெட் எப்படி எடுப்பது? எல்லாம் விற்றுத் தீர்ந்ததாகவே காட்டுகிறது.

மலைநாட்டுக்காரன்:
முன்பதிவு 30 நாளைக்கு முன்னால் திறக்கும். திறந்த அன்றே உட்காருங்கள், கண்டி - எல்ல இருக்கைகள் அவ்வளவு வேகமாகப் போகும். மொத்தமாக வாங்கி வெளிநாட்டுப் பயணிகளிடம் பல மடங்கு விலைக்கு விற்ற கும்பலை 2025இல் பிடித்து உள்ளே போட்டார்கள். ஆகவே ஸ்டேஷன் வாசலில் யாராவது "ரிசர்வேஷன் இருக்கு" என்றால் வாங்காதீர்கள். பதியும்போது கடவுச்சீட்டு எண் கேட்பார்கள், அதையே கையில் வைத்திருங்கள்.

கிடைக்காவிட்டால் பதறாதீர்கள். பதிவில்லாத இரண்டாம், மூன்றாம் வகுப்பு டிக்கெட் அன்றைக்கே ஸ்டேஷனில் தருவார்கள், சில நூறு ரூபாய்தான். ஆனால் நிற்கவேண்டி வரும், அம்மாவோடு அது ஆகாது. அதனால் ஒரு வழி சொல்கிறேன்: கண்டி - எல்ல முழுசாக வேண்டாம். அது ஏழு மணி நேரப் பயணம், சில நாள் அதற்கும் மேல். கண்டி - நானுஓயா நாலு மணி நேரம்தான், அதற்கு இருக்கை எடுங்கள்.

ஒரு நுணுக்கம். கொழும்பிலிருந்து எல்ல வழியாகப் பதுளை போகும் எல்லா ரயிலும் கண்டிக்குள் வராது. பொடி மெனிக்கே என்ற ரயில் வரும், உடரட்ட மெனிக்கே பேராதனைச் சந்தியோடு திரும்பிவிடும், அதைப் பிடிக்கப் பேராதனைக்குப் போகணும். கண்டிக்குள் வரும் ரயில் அங்கிருந்து வந்த வழியே பின்னோக்கிப் புறப்பட்டுத்தான் மலை ஏறும், அதுவரை முன்பக்கமாக இருந்த பெட்டி பின்பக்கமாகிவிடும். வலப்பக்க ஜன்னல், இடப்பக்க ஜன்னல் என்று இணையத்தில் சண்டை போடுபவர்கள் பாதிப் பேர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு பக்கமும் பார்க்க இருக்கிறது, எங்கே இருக்கை கிடைத்தாலும் எடுங்கள்.

முதல் வகுப்பு ஏசி பெட்டியை மட்டும் எடுக்காதீர்கள். ஜன்னல் திறக்காது. மலைக்காற்றே ஏசிதான். இரண்டாம் வகுப்புப் பதிவு இருக்கை போதும். நாவலப்பிட்டி தாண்டியதும் ரயில் மூச்சு வாங்கிக்கொண்டே ஏறும், ஹட்டனில் கொஞ்சம் நிற்கும், வடையும் கடலையும் கூடையில் கொண்டு வருவார்கள், இறால் வடை கேட்டு வாங்கிக் கொடுங்கள் பையனுக்கு. வடை பெரும்பாலும் பழைய பள்ளிக் கொப்பித் தாளில் சுற்றித்தான் வரும், பையனுக்கு வாசிக்கவும் ஏதாவது கிடைக்கும்.

கதவில் தொங்குவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். சுரங்கச் சுவரும் பாறையும் கைக்கெட்டும் தூரத்தில் வரும். படம் எடுக்கப்போய் வெளிநாட்டுப் பயணிகள் இறந்திருக்கிறார்கள்.

பாசிக்குடா_அக்கா:
நான் மட்டக்களப்பு. எல்லோரும் மலையிலேயே நிற்கிறீர்கள், எல்லவிலிருந்து திருகோணமலை எப்படிப் போவது என்று ஒருத்தரும் சொல்லவில்லையே. அதுதான் இந்தத் திட்டத்தில் கஷ்டமான துண்டு. ரயிலில் போகணும் என்றால் பதுளைப் பாதையில் முழுக்கக் கீழே இறங்கி, மஹவ வழியாகச் சுற்றி, கல்ஓயாச் சந்தியில் பிரிந்துதான் திருகோணமலை வரலாம். அந்த வேலையே வேண்டாம்.

பதுளையில் இருந்து மட்டக்களப்புக்கு நேர் ரோடு இருக்கு, பிபிலை, மகாஓயா வழியாக இறங்கி செங்கலடியில் கடற்கரை ரோட்டைத் தொடும். மலையில் இருந்து காட்டுக்குள் இறங்கி, பிறகு வயல்வெளி, பிறகு கடல், ஒரே நாளில் மூன்றையும் பார்க்கலாம், நாட்டிலேயே எனக்குப் பிடித்த பாதை அது. பஸ் இருக்கு, ஆனால் அம்மாவுக்காக இந்தத் துண்டுக்குக் கார் பிடியுங்கோ. பகலில் மட்டும். காட்டுப் பகுதியில் பின்னேரத்துக்குப் பிறகு யானை ரோட்டுக்கு வரும், உள்ளூர்ச் சனமே அந்த நேரம் போகமாட்டார்கள்.

எங்கள் ஊரில் ஒரு இரவு தங்குங்கோ. ஒரே நாளில் திருகோணமலை வரை இழுத்தால் அம்மாவுக்கு அடுத்த நாள் எழும்ப முடியாது. மட்டக்களப்பு - திருகோணமலை ரோடு இப்போது நல்ல ரோடு, முன்பு வழியில் ஆறு ஆறாக இறங்கிப் பாதையில் (மிதவைப் படகைத்தான் அப்படிச் சொல்வோம்) ஏறிக் கடக்கவேணும், வாகனமும் சனமும் ஆடும் மாடும் ஒரே பாதையில்தான். கிண்ணியாவில் 2009இல் பாலம் திறந்த பிறகு அங்கே அந்தக் காத்திருப்பு போயிற்று. 396 மீட்டர், பின்னேரம் அதில் நின்று குடாவைப் பார்க்க வேணும்.

ஆகஸ்ட் எங்களுக்கு வெயில் காலம், கடல் அமைதி. மலையில் மழை இருந்தாலும் கிழக்கில் இருக்காது, பயப்படாதீர்கள்.

டுக்டுக்_திருச்சி:
யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன், ஓட்டோவை வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டலாம். நண்பர்களோடு தென்கரை முழுக்க அப்படித்தான் சுற்றினோம், அருமை. நம் ஊர் மாதிரியே இடப்பக்கம் ஓட்டுவது, அதே பஜாஜ். உரிமம்தான் கவனிக்க வேண்டியது. நம் ஊரில் எடுக்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை அப்படியே நீட்ட முடியாது, கொழும்பில் ஆட்டோமொபைல் அசோசியேஷனில் ஒப்புதல் வாங்கவேண்டும். அதோடு 2025 ஆகஸ்டிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் கவுண்டர் ஒன்று வைத்துச் சுற்றுலாப் பயணிகளுக்குத் தற்காலிக அனுமதி தருகிறார்கள்.

நெடுவழி_மதுரை:
தம்பி, ஐந்து பெட்டி, ஒரு அம்மா, ஒரு குழந்தை. ஓட்டோவில் மலை ஏறுவதா? அதிவேகப் பாதையில் ஓட்டோவையும் பைக்கையும் விடவும் மாட்டார்கள்.

டுக்டுக்_திருச்சி:
இவர்களுக்குச் சரிவராது, ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. இளவட்டம் யாராவது பின்னால் இந்த இழையைப் படிப்பார்கள், அவர்களுக்காக எழுதினேன்.

ஆனால் ஊருக்குள் ஓட்டோ இவர்களுக்கும் வேண்டும். கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணத்தில் பிக்மீ செயலி போட்டுக்கொள்ளுங்கள், உள்ளூர் செயலி, ஊபரும் உண்டு. விலை முன்பே தெரிந்துவிடும். எல்ல, மிரிஸ்ஸ மாதிரி சுற்றுலா ஊர்களில் செயலி ஓட்டோவை உள்ளூர் ஸ்டாண்ட்காரர்கள் விடமாட்டார்கள், அங்கே பேசித்தான் ஏறணும். ஏறும் முன் விலையைச் சொல்லச் சொல்லுங்கள், நாலு பேருக்கா ஆளுக்கா என்பதையும் சேர்த்து.

வலிகாமம்_வாசி:
யாழ்ப்பாணத்தில் இருந்து. நீங்கள் வடக்கில் முடிப்பது நல்ல யோசனை, பெரும்பாலானோர் கொழும்புக்கே திரும்பி ஒரு நாளை வீணாக்குவார்கள். திருகோணமலையில் இருந்து ஹொரவப்பொத்தானை, வவுனியா வழியாக வாருங்கள். பஸ் இருக்கு, ஆறு மணித்தியாலம் போல வைத்துக்கொள்ளுங்கள். திருகோணமலை வாகனம் ஒன்றைப் பேசினால் வெறுமையாகத் திரும்பும் தூரம் குறைவு, கொழும்பு வேனைப் போலக் காசு கரையாது. காலையில் வெளிக்கிட்டால் மதியச் சாப்பாட்டுக்கு இங்கே நிற்கலாம். வவுனியாவுக்குப் பிறகு ஏ9 ரோடு நேராக வரும், ஆனையிறவில் இரண்டு பக்கமும் நீரும் உப்பளமும், அங்கே நிறுத்தி இறங்கிப் பாருங்கள்.

கொழும்பில் இருந்து நேராக வரும் மற்றவர்களுக்கு: யாழ்தேவி ரயில். 1956இல் ஓடத் தொடங்கியது, 1990இல் போரோடு நின்றது, 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப வந்தபோது ஸ்டேஷனுக்கு முன்னால் சனம் அழுதது, நான் அந்தக் கூட்டத்தில் நின்றேன். தண்டவாளம், சிலிப்பர் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை, இந்திய அரசு நிறுவனம் இர்கோன்தான் புதிதாகப் போட்டது. இரவு பஸ் கொழும்பு - யாழ்ப்பாணம் 87ஆம் இலக்கம், மலிவு, ஆனால் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு நான் அதைச் சொல்வதே இல்லை. 2025 மே மாதம் கொத்மலையில் விடியப்புறம் பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் போனார்கள், செப்டம்பரில் எல்ல - வெல்லவாய ரோட்டில் இரவில் இன்னொன்று, 15 பேர். இரவில் ரோட்டுப் பயணம் வேண்டாம், இதில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

சாரல்_கோவை:
இரவுப் பயணம் எதுவும் இல்லை, முடிவு செய்துவிட்டோம். கப்பல் பற்றி யாராவது சொல்லுங்களேன். அம்மாவுக்குக் கப்பலில் தலை சுற்றுமா?

வலிகாமம்_வாசி:
நாகப்பட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. நாலு மணித்தியாலப் பயணம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள், உங்கள் மாதத்தில் பிரச்சினை இல்லை. ஆனால் ஓடும் கிழமைகளை அடிக்கடி மாற்றுவார்கள், காற்றுப் பலமாக இருந்தால் அன்றைய பயணமே ரத்தாகும். ஆகவே கப்பலுக்கு அடுத்த நாளே கோவையில் வேலை என்று வைத்துக்கொள்ளாதீர்கள், நடுவில் ஒரு நாள் சும்மா விடுங்கள். மாற்று வழியாக யாழ்ப்பாணம் பலாலியில் இருந்து சென்னைக்கு விமானம் இருக்கு, சின்ன ஏடிஆர் விமானம், ஒன்றேகால் மணித்தியாலத்துக்குள். பொதி எடை கப்பலுக்கு ஒரு கணக்கு, விமானத்துக்கு ஒரு கணக்கு, டிக்கெட் போடும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்குத் தலைசுற்று வரும் என்று பயமாக இருந்தால் குளிசை (மாத்திரை) ஒன்றை ஏற முன்னரே கொடுங்கள், வெறும் வயிற்றோடு ஏற்றாதீர்கள், நடுப்பகுதி இருக்கை கேளுங்கள்.

எங்கள் தாத்தாவின் காலத்தில் இதற்கு ஒரே டிக்கெட் போதும். எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில், கொழும்பு. 1914இல் தொடங்கிய அந்த ஓட்டத்தை 1964 புயல் முடித்துவைத்தது. தலைமன்னார் வரை ரயில் பாதையை 2015இல் மறுபடி திறந்தார்கள், இந்தக் கரையில் ஸ்டேஷன் நிற்கிறது, அந்தப் பக்கம்தான் ஒன்றும் இல்லை. எப்போதாவது அதுவும் வரும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

பாசிக்குடா_அக்கா:
தீவுகளை விட்டுவிட்டீங்களே தம்பி. அம்மாவுக்கு நயினாதீவு நாகபூஷணி அம்மன் பார்க்க வேணும் என்று கட்டாயம் தோன்றும்.

வலிகாமம்_வாசி:
சொல்ல வந்தேன் அக்கா. யாழ்ப்பாண டவுனில் இருந்து குறிகட்டுவான் இறங்குதுறை வரை பஸ்ஸோ ஓட்டோவோ, கடலுக்கு நடுவே ரோடு போகும். குறிகட்டுவானில் இருந்து நயினாதீவுக்குப் படகு, கால் மணித்தியாலம், அடிக்கடி இருக்கு. படகுக்குள் குனிந்து படியிறங்கித்தான் உட்காரவேணும், அம்மாவை முதலில் ஏற்றிக் கதவுக்குக் கிட்ட இருத்துங்கள், கடற்கரையில் நிற்கும் பெடியள் கை கொடுப்பார்கள். நெடுந்தீவு வேறு கணக்கு, ஒரு மணித்தியாலம் திறந்த கடல், அலை அடிக்கும். அம்மாவோடு வேண்டாம், பையனை மட்டும் கூட்டிக்கொண்டு போகலாம். காலைப் படகில் போய் பின்னேரப் படகில் வரவேணும், கடைசிப் படகு நேரத்தை இறங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஆடி ஆவணியில் வரும், உங்கள் தேதி அதில் விழுந்தால் அறையும் ரயிலும் கிடைக்காது, கோயில் சுற்று வீதியில் வாகனமும் விடமாட்டார்கள். நடந்துதான் போகவேணும். அம்மாவுக்குக் கோயிலுக்குக் கிட்ட அறை எடுங்கள், கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

நெடுவழி_மதுரை:
சரி, நான் என் கட்சியைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். கொழும்பு - கண்டி - நானுஓயா ரயில். நுவரெலியாவிலிருந்து எல்ல, மட்டக்களப்பு வழியாகத் திருகோணமலை வரை ஒரு கார். திருகோணமலையிலிருந்து யாழ்ப்பாணம் இன்னொரு கார். ஊருக்குள் ஓட்டோ. இதில் முழு வேன் வாடகையில் பாதிகூட ஆகாது, கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் சும்மா நிற்கும் வண்டிக்கு நாள் வாடகை கொடுக்கவேண்டியதில்லை. நுவரெலியாவில் உள்ளூர் கார் கிடைக்குமா மலைநாட்டுக்காரரே?

மலைநாட்டுக்காரன்:
தாராளமாக. வெலிமடை, பண்டாரவளை வழியாக எல்லவுக்கு இறங்குவார்கள். மலையகத் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் சொந்த வண்டி வைத்து ஓட்டுகிறார்கள், தங்கும் விடுதியில் கேட்டாலே பிடித்துக் கொடுப்பார்கள். நீங்கள் தரும் காசு அந்த ஊரிலேயே நிற்கும், புயலுக்குப் பிறகு அது எங்களுக்குப் பெரிய விஷயம்.

எல்லவில் தங்கும் நாளில் பையனுக்காக ஒன்று செய்யுங்கள். ரயில் ஓடினால் எல்லவில் ஏறித் தெமோதரையில் இறங்குங்கள், மிகச் சின்னப் பயணம், பதிவே தேவையில்லை, நின்றாலும் அம்மாவுக்குக் கஷ்டம் இல்லை. நடுவில் ஒன்பது வளைவுப் பாலத்தின் மேல் போவீர்கள், 1921இல் கட்டியது. தெமோதரையில் இறங்கியதும் ஸ்டேஷன் மேடையிலேயே நில்லுங்கள். பாதை மலையை ஒரு வட்டம் சுற்றிக்கொண்டு, நீங்கள் நிற்கும் ஸ்டேஷனுக்கு நேர் அடியில் சுரங்கத்துக்குள் போகும். இறங்கிய அதே ரயில் கொஞ்ச நேரத்தில் கீழே வெளிப்படுவதைப் பையன் பார்க்கட்டும்.

சாரல்_கோவை:
பையனிடம் இதைப் படித்துக் காட்டினேன், இப்போதே பேப்பரில் வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறான். டிராவல்ஸ்காரரிடம் வேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரே ஒரு கேள்வி மிச்சம், விமான நிலையத்திலிருந்து கொழும்பு கோட்டை ஸ்டேஷனுக்கு எப்படிப் போவது? காலை ஆறு மணிக்கு இறங்குகிறோம்.

டுக்டுக்_திருச்சி:
187ஆம் நம்பர் பஸ் அதிவேகப் பாதை வழியாகக் கோட்டைக்கு வரும், மலிவு. ஆனால் பெட்டியை வைக்க இடம் இருக்காது, மடியில்தான். நாலு பேர் என்பதால் செயலியில் கார் போட்டுவிடுங்கள், சுமார் 35 கிலோமீட்டர், அந்த நேரத்தில் ஒரு மணி நேரத்துக்குள். உள்ளே வருகை மண்டபத்தில் சிம் வாங்கி இணையம் வந்த பிறகு வெளியே வாருங்கள். பஸ்ஸில்தான் போவீர்கள் என்றால் டிரைவருக்குப் பின்னால் உள்ள முன் இருக்கையில் அம்மாவை உட்கார வைக்காதீர்கள், அது மதகுருமாருக்கு ஒதுக்கியது, பிக்கு ஏறினால் எழவேண்டி வரும்.

மலைநாட்டுக்காரன்:
அன்றைக்கே கண்டி ரயில் பிடிக்கப் போகிறீர்களா? ஆறு மணிக்கு இறங்கினால் காலை ரயிலை நம்பாதீர்கள், குடிவரவு வரிசை எப்படி இருக்கும் என்று சொல்லமுடியாது. மதியத்துக்குப் பிறகுள்ள கண்டி ரயிலுக்கு இருக்கை எடுங்கள். கோட்டை ஸ்டேஷனில் நடைமேடை மாறப் படியேறிப் பாலம் கடக்கவேண்டும், அம்மாவுக்காக அரை மணி நேரம் முன்னாலேயே போய் எந்த மேடை என்று கேட்டு, மெதுவாக ஏற்றுங்கள். போர்ட்டர் அண்ணன்மார் இருப்பார்கள், பெட்டியை அவர்களிடம் கொடுத்துவிட்டு நீங்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தேதி உறுதியானதும் இங்கே போடுங்கள், அந்த வாரம் எந்தத் துண்டில் ரயில் ஓடுகிறது என்று நானே நானுஓயாவில் கேட்டு எழுதுகிறேன்.